கர்ப்பப்பை, சினைப்பை ஸ்கேன்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்கேன் அறை வாசலில் காத்திருப்பவர்களும், ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு போன் செய்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே தொகுத்திருக்கிறோம். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடலாம். ரிப்போர்ட்டில் உள்ள எந்த எண்ணையும் தனியாகப் படிக்காதீர்கள். உங்கள் வயது என்ன, மாதவிலக்கின் எத்தனையாவது நாள், என்ன தொந்தரவுக்காக எடுத்தது என்ற மூன்றும் தெரிந்தால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு.

1. வயித்து மேல ஜெல் தடவி எடுக்கற ஸ்கேன்ல கதிர்வீச்சு வருமா? அடிக்கடி எடுத்தா கர்ப்பப்பைக்குக் கெடுதலா?

வராது, கெடுதலும் இல்லை. அது அல்ட்ராசவுண்ட். காதுக்குக் கேட்காத ஒலி அலையை உள்ளே அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைப் படமாக்குகிறார்கள். நீர் கருப்பாகவும், தசை சாம்பல் நிறமாகவும், வாயுவும் கால்சியமும் பளிச்சென்ற வெள்ளைக் கோடாகவும் தெரியும். ஜெல் எதற்கென்றால், தோலில் வைக்கும் ப்ரோப் என்ற கருவிக்கும் தோலுக்கும் நடுவே துளி காற்று இருந்தாலும் ஒலி உள்ளே போகாது.

பெண்களின் வயிற்றுக் கட்டிகளைப் பார்ப்பது இந்தக் கருவியின் ஆரம்பகால வேலைகளில் ஒன்று. கிளாஸ்கோவில் இயன் டொனால்டு குழு 1958-இல் லான்செட் இதழில் எழுதிய கட்டுரையில் ஒரு பெண் வருகிறார். வயிற்றுப் புற்றுநோய், அறுவை செய்ய முடியாது என்று கைவிடப்பட்டவர். ஸ்கேனில் அது நீர்க்கட்டி என்று தெரிந்தது. சினைப்பைக் கட்டிதான், எடுத்ததும் பிழைத்துக்கொண்டார்.

கதிர்வீச்சு உள்ளவை எக்ஸ்ரே, எச்.எஸ்.ஜி. (கருக்குழாய் அடைப்பைப் பார்க்கும் எக்ஸ்ரே), சி.டி., பெட்-சி.டி. (புற்றுநோய்ப் பரவலைப் பார்ப்பது) ஆகியவை. எம்.ஆர்.ஐ.யில் கிடையாது.

2. யூரின் முட்டிக்கிட்டு நிக்கணும்னு சொல்றாங்களே, ஏன்? எவ்வளவு தண்ணி குடிக்கணும்?

கர்ப்பப்பைக்கு முன்னால் குடல் சுருள்கள் கிடக்கும். அவற்றில் உள்ள வாயு ஒலியைத் தடுத்துவிடும். சிறுநீர்ப்பை நிறைந்தால் குடலை மேலே தள்ளிவிட்டு, கர்ப்பப்பைக்கு மேல் தெளிந்த நீர்ச் சாளரமாக நிற்கும். ஸ்கேனுக்கு ஒரு மணி நேரம் முன்பு நான்கைந்து டம்ளர், அதாவது ஒரு லிட்டர் அளவு சாதாரணத் தண்ணீர் போதும். சோடாவும் குளிர்பானமும் வேண்டாம், வாயுவைக் கூட்டும். சிறுநீரகக் கோளாறு, இதயக் கோளாறுக்காகத் தண்ணீர் அளவு கட்டுப்படுத்தப்பட்டவர்கள் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

தாங்க முடியாத அளவுக்கு நிரப்புவதும் தவறு. அளவுக்கு மீறி நிறைந்த பை கர்ப்பப்பையை நசுக்கும், சினைப்பைகளைப் பின்னால் தள்ளும், அளவுகள் மாறும். அப்படி இருந்தால் கொஞ்சம் போய்விட்டு வரச் சொல்வார்கள். வெட்கப்படாமல் சொல்லுங்கள்.

3. அப்புறம் யூரின் போயிட்டு வாங்க, உள் ஸ்கேன் எடுக்கணும்ங்கறாங்க. ஒரு தடவை எடுத்தது போதாதா? வலிக்குமா?

உள் ஸ்கேன் என்பது பிறப்புறுப்பு வழியாக விரல் பருமனுள்ள மெல்லிய ப்ரோபை வைத்துப் பார்ப்பது, டி.வி.எஸ். என்று எழுதுவார்கள். வயிற்றின் மேல் வைப்பது 2 முதல் 5 மெகாஹெர்ட்ஸ். உள்ளே வைப்பது பெரும்பாலும் 5 முதல் 9. அலை வேகமாக அதிர அதிரப் படம் கூர்மையாகும், ஆனால் ஆழம் குறையும். உறுப்புக்கு ஓரிரு சென்டிமீட்டர் அருகே போய்விடுவதால் அந்த ஆழம் தேவைப்படுவதில்லை. வயிறு பருத்தவர்களுக்கு மேல் ஸ்கேனில் மங்கலாகத் தெரிந்தது இதில் தெளிந்துவிடும். மாறாக, தொப்புள் வரை வளர்ந்த ஃபைப்ராய்டு, அதாவது கர்ப்பப்பைத் தசைக்கட்டி, உள் ஸ்கேனில் முழுதாகத் தெரியாது. அதனால்தான் இரண்டும்.

ப்ரோபுக்குப் புது ஆணுறை போட்டு, ஜெல் தடவித்தான் வைப்பார்கள். லேட்டக்ஸ் ஒவ்வாமை இருந்தால் முன்பே சொல்ல வேண்டும். அழுத்தம் தெரியும், கடும் வலி இருக்கக் கூடாது. ஒரு குறிப்பிட்ட இடத்தில் தொட்டதும் வலித்தால் பொறுத்துக்கொண்டு படுத்திருக்காதீர்கள்; அந்த வலி எங்கே என்பதே ஒரு தகவல். உங்கள் சம்மதம் கேட்க வேண்டும், அறையில் ஒரு பெண் ஊழியர் இருக்க வேண்டும். இரண்டையும் நீங்களே கேட்டு வாங்கலாம்.

4. என் பொண்ணுக்குக் கல்யாணம் ஆகலை. அவளுக்கு உள் ஸ்கேன் எடுப்பாங்களா?

உடலுறவு அனுபவம் இல்லாதவர்களுக்கு வழக்கமாக எடுப்பதில்லை. சிறுநீர்ப்பையை நிறைத்து மேல் ஸ்கேனே முதலில். அதில் தெளிவில்லை, பிரச்சினை பெரிது என்றால் மலத்துவாரம் வழியாக அதே ப்ரோபை வைத்துப் பார்க்கலாம், அல்லது எம்.ஆர்.ஐ.க்குப் போகலாம்.

கல்யாணம் ஆகிவிட்டதா என்ற கேள்வியை வைத்து இதை முடிவு செய்வது நம் ஊர் வழக்கம். சரியான கேள்வி அதுவல்ல. அம்மாவை வெளியே உட்கார வைத்துவிட்டு, அந்தப் பெண்ணிடமே தனியாகக் கேட்பதுதான் முறை. வலிக்குக் காரணம் கருக்குழாயில் தங்கிய கர்ப்பமாக இருந்தால், வெளியே சொல்லாமல் விட்ட ஒரு பதில் உயிரோடு விளையாடும்.

5. பீரியட்ஸ் ஆகி எத்தனாவது நாள் வரணும்? ரத்தப்போக்கு இருக்கறப்ப எடுக்கலாமா?

எதைத் தேடுகிறோம் என்பதைப் பொறுத்தது. ரத்தப்போக்கு தொடங்கிய நாளை 1 என்று எண்ணுங்கள். குழந்தைக்காகச் சிகிச்சை எடுப்பவர்களின் சினைப்பையில் சிறு முட்டைப்பைகளை எண்ணுவதற்கு 2 முதல் 5-ஆம் நாள். அப்போது ரத்தப்போக்கு இருக்கத்தான் செய்யும், பரவாயில்லை. கர்ப்பப்பைக்குள் பாலிப், அதாவது உட்சவ்விலிருந்து வளரும் சதைத்துணுக்கு, இருக்கிறதா என்று பார்க்க, ரத்தம் நின்றதும், 10-ஆம் நாளுக்குள். உட்சவ்வு மெலிந்திருக்கும் அந்த நாட்களில்தான் சின்ன பாலிப் தனியே தெரியும். 20-ஆம் நாளில் தடித்த சவ்வுக்குள் மறைந்துவிடும். போன மாதம் பார்த்த நீர்க்கட்டி போய்விட்டதா என்று பார்க்கவும் பீரியட்ஸ் முடிந்த கையோடு வருவதே நல்லது. நாள் தள்ளிப் போனால் அந்த மாதத்துப் புது முட்டைப்பை ஒன்று வளர்ந்து நின்று குழப்பும்.

விடாத ரத்தப்போக்கு, கடும் வலி என்றால் நாள் பார்க்க வேண்டாம், உடனே வாருங்கள்.

6. ரிப்போர்ட்ல 'பல்க்கி யூட்ரஸ்', 'நெபோத்தியன் சிஸ்ட்', 'பி.ஓ.டி.யில் திரவம்'னு போட்டிருக்கு. எல்லாமே நோயா?

பெரும்பாலும் இல்லை. குழந்தை பெறாதவரின் கர்ப்பப்பை 6 முதல் 8 செ.மீ. நீளம் இருக்கும். பிரசவத்துக்குப் பிறகு ஓரிரு சென்டிமீட்டர் கூடுதலாகவே நிற்கும். இரண்டு குழந்தை பெற்றவருக்கு 9 செ.மீ. என்று அளந்து பல்க்கி என எழுதியிருந்தால், அதற்காக எந்தச் சிகிச்சையும் வேண்டாம். தசைச் சுவரில் வேறு மாற்றம் எழுதியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

நெபோத்தியன் சிஸ்ட் என்பது கர்ப்பப்பை வாயில் உள்ள சளிச் சுரப்பியின் வாய் அடைத்து உண்டாகும் சின்ன நீர்ப்பை. புற்றுநோய்க்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. பி.ஓ.டி. என்பது கர்ப்பப்பைக்கும் மலக்குடலுக்கும் இடையில் உள்ள பள்ளம்; முட்டை வெடிக்கும் நாட்களில் அங்கே கொஞ்சம் திரவம் சேர்வது இயல்பு. கர்ப்பம் உறுதியான பெண்ணுக்கு அங்கே கலங்கலான திரவம் என்றால் கதையே வேறு. அது 18-ஆம் கேள்வியில்.

7. எண்டோமெட்ரியம் 12 மி.மீ.னு வந்திருக்கு. ரொம்பத் தடிப்பா? சுரண்டி எடுக்கணுமா?

எண்டோமெட்ரியம் என்பது கர்ப்பப்பையின் உட்சவ்வு. மாதவிலக்கு வந்துகொண்டிருப்பவர் என்றால் முதலில் அன்று எத்தனையாவது நாள் என்று பாருங்கள். ரத்தப்போக்கின்போது 1 முதல் 4 மி.மீ. இருக்கும் அந்த உட்சவ்வு, முட்டை வெடித்த பின் 7 முதல் 16 மி.மீ. வரை தடிக்கும். 22-ஆம் நாளில் 12 மி.மீ. என்பது இயல்பு. 6-ஆம் நாளில் அதே 12 என்றால், பாலிப்போ வேறு தடிப்போ இருக்கிறதா என்று தேட வேண்டும். தேதி எழுதாத ரிப்போர்ட்டில் இந்த எண் வீண்.

மாதவிலக்கு நின்று ஓராண்டுக்கு மேல் ஆனவருக்கு மீண்டும் ரத்தம் பட்டால் கணக்கு வேறு. உள் ஸ்கேனில் 4 மி.மீ. அல்லது அதற்குக் கீழ் என்றால் உட்சவ்வுப் புற்றுநோய் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு, நூற்றில் ஒன்றுக்கும் கீழ். அதற்கு மேல் என்றால் திசு எடுத்துப் பார்க்க வேண்டும், தள்ளிப்போடக் கூடாது. 4 மி.மீ.க்குள் இருந்தும் ரத்தம் திரும்பத் திரும்பப் பட்டால் அப்போதும் திசு பார்க்க வேண்டும். மார்பகப் புற்றுநோய்க்காக டமாக்சிஃபென் சாப்பிடுபவர்களுக்குச் சவ்வு தடிப்பாகவே தெரியும். அவர்களிடம் தடிப்பைவிட ரத்தப்போக்கு உண்டா என்பதே முக்கியம்.

8. ஸ்கேன்ல ரெண்டு பக்கமும் பி.சி.ஓ.டி.னு எழுதிட்டாங்க. அப்ப எனக்குப் பி.சி.ஓ.எஸ். உறுதிதானே?

பி.சி.ஓ.எஸ். என்பது ஹார்மோன் கோளாறு; ஸ்கேன் மட்டும் வைத்து உறுதி ஆகாது. மூன்றில் இரண்டு இருக்க வேண்டும்: ஒழுங்கற்ற மாதவிலக்கு; ஆண் ஹார்மோன் கூடியதன் அடையாளம் (முகத்தில் முடி, பரு, அல்லது ரத்தப் பரிசோதனையில் கூடிய அளவு); சினைப்பையில் நிறைய முட்டைப்பைகள். இவற்றுக்குக் காரணமாகக் கூடிய தைராய்டு, புரோலாக்டின் கோளாறுகளையும் விலக்க வேண்டும். முதல் இரண்டும் தெளிவாக இருந்தால் ஸ்கேனே வேண்டாம் என்கிறது 2023 சர்வதேச வழிகாட்டி.

2003-இல் ஒரு சினைப்பையில் 12 முட்டைப்பை இருந்தாலே போதும் என்றார்கள். கருவிகள் கூர்மையாகி, நலமான இளம்பெண்கள் பலருக்கும் 12 தெரியத் தொடங்கியது. இப்போதைய வரம்பு உள் ஸ்கேனில் 20, அல்லது சினைப்பையின் கன அளவு 10 மி.லி. கன அளவை நீங்களே சரிபார்க்கலாம்: நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கி 0.523-ஆல் பெருக்குங்கள். 4.2 × 2.6 × 2.4 செ.மீ. என்றால் 13.7 மி.லி. ஆனால் அதற்குள் ஒரு பெரிய முட்டைப்பை உட்கார்ந்திருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. வேறொரு மாதம் திரும்ப அளக்க வேண்டும்.

வயதுக்கு வந்து எட்டு ஆண்டு ஆகாத பெண்ணுக்கு இதை ஸ்கேன் வைத்து முடிவு செய்யக் கூடாது. அந்த வயதில் சினைப்பை அப்படித்தான் இருக்கும். பதினைந்து வயதுப் பெண்ணிடம் 'உனக்கு நீர்க்கட்டி, குழந்தை பிறக்காது' என்று யாராவது சொன்னால் அதைப் பொருட்படுத்தாதீர்கள்.

9. ஓவரில 4 செ.மீ. நீர்க்கட்டி. ஆபரேஷன் பண்ணணுமா?

கட்டியின் அளவைவிட உள்ளே என்ன இருக்கிறது என்பதே பெரிது. மெல்லிய சுவர், உள்ளே தெளிந்த நீர், தடுப்போ சதையோ இல்லை என்றால் அது சாதாரண நீர்ப்பை. மாதவிலக்கு உள்ளவருக்கு 3 செ.மீ. வரை அதைக் கட்டி என்றே சொல்ல மாட்டோம். அந்த மாதத்து முட்டைப்பை. 5 செ.மீ. வரை தொடர் ஸ்கேன்கூட வேண்டாம். அதற்கு மேல் 10 வரை, தொந்தரவு இல்லையென்றால் சில மாதம் கழித்து ஒருமுறை பார்த்தால் போதும்.

உள்ளே சிலந்தி வலை போன்ற மெல்லிய கோடுகள் தெரிந்தால் அது ரத்தம் கசிந்து உறைந்த பை. பெரும்பாலும் 6 முதல் 12 வாரத்தில் தானே கரைந்துவிடும். அரைத்த மாவுபோல ஒரே சீராக மங்கலாக இருந்தால் பழைய ரத்தம் தேங்கிய சாக்லேட் சிஸ்ட், அது கரையாது. பளிச்சென்ற வெள்ளை முடிச்சும் அதன் பின்னே நிழலும் என்றால் டெர்மாய்டு. கொழுப்பு, முடி, சில சமயம் பல்கூட உள்ளே இருக்கும். இந்த நான்கையும் அனுபவமுள்ளவர் படத்தைப் பார்த்தே பெரும்பாலும் பிரித்துவிடுவார்.

10. 'ஓ-ரேட்ஸ் 3'னு போட்டிருக்காங்க. மூணாவது ஸ்டேஜ் கேன்சரா?

இல்லவே இல்லை. இந்தக் கேள்வியோடு அழுதுகொண்டு வருபவர்கள் அநேகம். ஓ-ரேட்ஸ் என்பது சினைப்பைக் கட்டிகளுக்காக அமெரிக்கக் கதிரியக்க மருத்துவர் கல்லூரி ஒருங்கிணைத்த மதிப்பெண் முறை. 0 என்றால் படம் போதவில்லை. 1 இயல்பான சினைப்பை. 2-இல் புற்றுநோய் வாய்ப்பு 1 சதவீதத்துக்கும் கீழ். 3-இல் 1 முதல் 10. 4-இல் 10 முதல் 50. 5-இல் 50 சதவீதமும் அதற்கு மேலும். ஆக, 3 என்றால் நூறில் தொண்ணூறு பேருக்கு மேல் புற்றுநோய் இல்லை.

3, 4-இல் அடுத்த படியாக எம்.ஆர்.ஐ. நன்கு உதவும். உள்ளே தெரிந்த சதைத்துணுக்கு மருந்து ஏற்றியதும் ஒளிர்கிறதா இல்லையா என்று பார்ப்பார்கள். ஒளிராதது பெரும்பாலும் உறைந்த ரத்தமோ கொழுப்போதான். 5 என்றால் பொது அறுவை மருத்துவரிடம் போகாமல், பெண்கள் புற்றுநோய் அறுவைக்கென்றே பயின்றவரிடம் போங்கள். சந்தேகக் கட்டியை வயிற்றுக்குள் உடைத்து எடுப்பது நோயின் கட்டத்தையே ஏற்றிவிடும்.

11. 3 செ.மீ. ஃபைப்ராய்டுக்குக் கர்ப்பப்பையை எடுக்கச் சொல்றாங்க. சின்னதுன்னா விட்டுடலாமா?

ஃபைப்ராய்டில் அளவைவிட இருப்பிடம்தான் பேசும். ஃபிகோ (சர்வதேச மகப்பேறு மருத்துவர் கூட்டமைப்பு) முறையில் 0 முதல் 8 வரை எண் கொடுப்பார்கள். 0, 1, 2 என்பவை கர்ப்பப்பையின் உள்ளறைக்குள் நீட்டிக்கொண்டிருப்பவை. இவற்றில் 1.5 செ.மீ. கட்டிகூட ரத்தம் கொட்ட வைக்கும், கரு தங்குவதைத் தடுக்கும். 3, 4 தசைச் சுவருக்குள். 5, 6, 7 வெளிப்பக்கம் புடைத்தவை. 7 காம்பில் தொங்குவது. 7-ஆம் வகை 6 செ.மீ. இருந்தும் ஒரு தொந்தரவும் தராமல் கிடக்கலாம்.

எனவே எண் இல்லாத ரிப்போர்ட்டை வைத்து அறுவை முடிவு செய்யாதீர்கள். எத்தனை, எங்கே, உள்சவ்வைத் தொடுகிறதா, உள்ளறைக்குள் பாதிக்கு மேல் நீட்டியிருக்கிறதா என்று கேளுங்கள். 0, 1 என்றால் வயிற்றைக் கிழிக்காமல் உள்ளே கேமரா விட்டு ஹிஸ்டிரோஸ்கோபியிலேயே எடுத்துவிடலாம், கர்ப்பப்பை அப்படியே இருக்கும்.

12. ஒரு சென்டர்ல ஃபைப்ராய்டுங்கறாங்க, இன்னொண்ணுல அடினோமயோசிஸ். யாரை நம்பறது?

இரண்டும் ஒரே பெண்ணுக்குச் சேர்ந்தே இருப்பதும் சகஜம். ஃபைப்ராய்டுக்குத் தெளிவான விளிம்பு உண்டு. ரத்த ஓட்டத்தை நிறத்தில் காட்டும் கலர் டாப்ளரில் ரத்தக் குழாய்கள் அதைச் சுற்றி வளையமாக ஓடும். அடினோமயோசிஸ் என்பது உட்சவ்வுத் திசு தசைச் சுவருக்குள் ஊடுருவுவது. விளிம்பு இருக்காது, குழாய்கள் அந்த இடத்தை ஊடுருவிப் போகும். தசைக்குள் கடுகளவு நீர்ப்பைகள், ஒரு பக்கச் சுவர் மட்டும் தடித்திருப்பது, விசிறிபோல விரியும் நிழற்கோடுகள் எல்லாம் அதன் அடையாளம்.

அல்ட்ராசவுண்டில் படம் ஓடும்போது பார்ப்பவரே கண்டுபிடிக்க வேண்டும். பிரிண்ட் எடுத்த நான்கு படத்தை வைத்து மூன்றாம் ஆள் தீர்ப்புச் சொல்வது கடினம். அறுவை பற்றிய முடிவு இதைப் பொறுத்திருக்கிறது என்றால் எம்.ஆர்.ஐ. எடுங்கள். உட்சவ்வை ஒட்டிய கருப்புப் பட்டை 12 மி.மீ.க்கு மேல் தடித்திருந்தால் அது அடினோமயோசிஸ் பக்கம் சாயும். ஃபைப்ராய்டைப் போல இதைத் தனியே பிரித்தெடுக்க முடியாது, அதனால்தான் இவ்வளவு மெனக்கெடல்.

13. பீரியட்ஸ்ல உயிர் போற வலி. ஸ்கேன் நார்மல். சும்மா நடிக்கறேன்னு வீட்டுல சொல்றாங்க.

நார்மல் ஸ்கேன் எண்டோமெட்ரியோசிஸை, அதாவது உட்சவ்வு போன்ற திசு கர்ப்பப்பைக்கு வெளியே வளர்வதை, விலக்காது. இதை வீட்டில் இருப்பவர்களுக்கும் காட்டுங்கள். வயிற்று உள்ளுறையின் மேல் புள்ளி புள்ளியாகப் படிந்திருக்கும் வகை எந்த ஸ்கேனிலும் நம்பகமாகத் தெரியாது. சினைப்பையில் சாக்லேட் சிஸ்ட்டாக உருண்டால்தான் சாதாரண ஸ்கேனில் பிடிபடும்.

மலக்குடலிலும் கர்ப்பப்பைக்குப் பின்னுள்ள தசைநார்களிலும் ஆழமாக ஊன்றிய வகையைத் தேடுவதற்கென்றே உள் ஸ்கேன் செய்யும் முறை உண்டு. ப்ரோபால் மெல்லத் தள்ளி, கர்ப்பப்பையும் குடலும் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குகின்றனவா, ஒட்டிக்கிடக்கின்றனவா என்று பார்ப்பார்கள். இது பயிற்சி உள்ளவர் கையில் மட்டும் பலன் தரும். சீட்டில் 'கீழ்வயிற்று வலி' என்று எழுதாமல், மலம் கழிக்கும்போது வலி, உறவின்போது ஆழத்தில் வலி என்று இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லி எழுத வையுங்கள். தேடும் இடமே மாறும். முன்பு வயிற்றில் சிறு துளையிட்டுக் கேமரா விடும் லேப்ராஸ்கோபி செய்து கண்ணால் பார்த்தால்தான் உறுதி என்பார்கள். 2022 ஐரோப்பிய வழிகாட்டிப்படி அது கட்டாயமில்லை. அறிகுறிகளை வைத்தே மருந்து தொடங்கலாம்.

14. எச்.எஸ்.ஜி.ல ரெண்டு டியூபும் பிளாக்னு வந்திருச்சு. இனி டெஸ்ட் டியூப் பேபிதானா?

அவசரப்பட வேண்டாம். எச்.எஸ்.ஜி. என்பது கர்ப்பப்பை வாய் வழியாக 5 முதல் 10 மி.லி. அயோடின் மருந்தைச் செலுத்தி, அது கருக்குழாய் வழியே வழிகிறதா என்று எக்ஸ்ரேயில் பார்ப்பது. மருந்து உள்ளே போகும் வலியில் குழாயின் வாய்ப்பகுதி சுருங்கிக்கொள்ளும். அதுவும் அடைப்புப் போலவே தெரியும். கர்ப்பப்பையை ஒட்டிய முனையில் 'அடைப்பு' என்றால் இந்தச் சந்தேகம் எப்போதும் உண்டு. மெதுவாகச் செலுத்தினார்களா, சில நிமிடம் பொறுத்து மறுபடி பார்த்தார்களா என்று கேளுங்கள். சந்தேகம் தீராவிட்டால் லேப்ராஸ்கோபியில் நீலச்சாயம் விட்டுப் பார்ப்பார்கள். குழாயின் வெளிமுனை அடைத்து நீர் கோத்து வீங்கியிருந்தால் அது நிஜ அடைப்பு.

நம் நாட்டில் மறக்கக் கூடாத காரணம் காசநோய். நுரையீரலில் ஒன்றும் இல்லாமலே கருக்குழாயில் இருக்கும். படத்தில் குழாய் மணி கோத்தாற்போல் முடிச்சு முடிச்சாகவும், கர்ப்பப்பை அறை சுருங்கி ஒழுங்கற்றும் தெரியும்.

ரத்தம் நின்ற பிறகு 10-ஆம் நாளுக்குள் எடுக்க வேண்டும். அந்த மாதம் பீரியட்ஸ் தொடங்கியதிலிருந்து பரிசோதனை வரை உறவு கூடாது. டாக்டர் தந்த வலி மாத்திரையை ஒரு மணி நேரம் முன்பே போட்டுக்கொள்ளுங்கள். அயோடின் ஒவ்வாமை, தைராய்டு இருந்தால் சொல்லுங்கள். கதிர்வீச்சு வேண்டாம் என்றால் உப்புநீரோ நுரையோ செலுத்தி உள் ஸ்கேனில் பார்க்கும் முறையும் உண்டு. உள்ளறைக்குள் உப்புநீர் விட்டால் பாலிப்பும் 0, 1-ஆம் வகை ஃபைப்ராய்டும் நீருக்குள் துருத்திக்கொண்டு தெளிவாகத் தெரியும்.

15. எம்.ஆர்.ஐ.க்குத் தாலியைக் கழட்டணுமா? காப்பர்-டி போட்டிருக்கேன், இழுத்துடுமா?

கழற்ற வேண்டும். தங்கத்தைக் காந்தம் இழுக்காது. ஆனால் கொக்கி, கம்பி, கலப்பு உலோகம் சூடாகலாம். படத்திலும் கருப்புத் திட்டு விழும். தாலிக்கொடி, மெட்டி, மூக்குத்தி, கொலுசு, அரைஞாணில் கோத்த தாயத்து, ரவிக்கை ஊக்கு, கொண்டை ஊசி எல்லாமே வெளியே. மஞ்சள் கயிறு மட்டும் இருந்தால் தடையில்லை. மனசு கேட்காதவர்கள் முதல் நாளே கயிற்றில் மஞ்சள் முடிந்து மாற்றிக்கொண்டு வருகிறார்கள், நல்ல வழி. மெட்டி கழலாமல் கடைசி நிமிடத்தில் சோப்புத் தேடுவது வாடிக்கை. வீட்டிலேயே கழற்றிவிட்டு வாருங்கள்.

காப்பர்-டி வழக்கமான எம்.ஆர்.ஐ. கருவிகளில் நகராது. பேஸ்மேக்கர், காதுக்குள் வைத்த காக்லியர் கருவி, மூளை ரத்தக்குழாய் கிளிப் இருந்தால் அட்டையோடு வந்து முதலிலேயே காட்டுங்கள். 30 முதல் 45 நிமிடம் அசையாமல் படுக்க வேண்டும். குடல் அசைவு படத்தைக் கலைப்பதால் நான்கு மணி நேரம் வெறும் வயிற்றில் வரச் சொல்லி, குடலை அமைதிப்படுத்த ஊசியும் போடுவார்கள். கர்ப்பம் என்ற சந்தேகம் இருந்தால் படத்தைத் துலக்கும் காடோலினியம் மருந்து ஏற்றும் முன் சொல்லிவிடுங்கள்.

16. வருஷா வருஷம் ஸ்கேன் எடுத்தா கேன்சரை முன்னாடியே பிடிச்சிடலாம் இல்லையா?

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை ஆரம்பத்தில் ஸ்கேன் காட்டாது. அதற்கு எச்.பி.வி. வைரஸ் பரிசோதனை, கர்ப்பப்பை வாய்ச் செல்களை எடுத்துப் பார்க்கும் பாப் ஸ்மியர், அல்லது அசிட்டிக் அமிலம் தடவி ஒரு நிமிடம் கழித்துப் பார்ப்பது. இந்தக் கடைசியது 30 வயதைத் தாண்டியவர்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். அங்கே போங்கள். நோய் உறுதியான பின், அது பக்கத்துத் திசுவுக்குப் பரவியதா என்று அளக்க எம்.ஆர்.ஐ. வேண்டும், 2018 முதல் ஃபிகோ கட்டம் பிரிப்பதில் படங்களும் கணக்கில் சேர்கின்றன.

சினைப்பைப் புற்றுநோய்க்கு பிரிட்டனில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட பெண்களைச் சேர்த்து, அவர்களில் பாதிப் பேருக்கு ஆண்டுதோறும் ஸ்கேன் அல்லது சி.ஏ. 125 ரத்தப் பரிசோதனை என்று பார்த்தார்கள். 2021-இல் வந்த முடிவு: உயிரிழப்பு குறையவில்லை. தொந்தரவு இல்லாத, குடும்பத்தில் யாருக்கும் இல்லாத பெண்ணுக்கு வருடாந்திர ஸ்கேன் தேவையற்ற அறுவையில் கொண்டுபோய் விடவும் கூடும். ஆனால் 50-ஐ நெருங்கியவருக்குச் சில வாரமாக வயிறு உப்பி, சாப்பிட்டதும் நிறைந்து, பசி குறைந்தால், கேஸ் மாத்திரையோடு நிறுத்தாமல் ஸ்கேன் எடுங்கள்.

17. பெட்-சி.டி.ல ஓவரி 'ஒளிருது'ன்னு ரிப்போர்ட். கேன்சர் பரவிடுச்சா?

மாதவிலக்கு உள்ளவர் என்றால் முதல் சந்தேகம் முட்டை வெடித்த இடத்தின் மேல். அங்கே திசு சுறுசுறுப்பாக இருப்பதால் சர்க்கரை கலந்த மருந்தை அது உறிஞ்சும். ரத்தப்போக்கு நாட்களில் உட்சவ்வும் அப்படியே. 5-ஆம் கேள்வியில் சொன்ன நாள் கணக்கு இங்கேயும் உண்டு: பீரியட்ஸ் முடிந்ததும் எடுத்தால் குழப்பம் குறையும். மாதவிலக்கு நின்றவருக்குச் சினைப்பை ஒளிர்ந்தால் அதை இப்படிச் சமாதானம் சொல்லி விட முடியாது.

சி.டி. பெண் உறுப்புகளைப் பார்க்கச் சுமாரான கருவிதான். பரவலையும் நிணநீர் முடிச்சுகளையும் பார்க்கவே அது. வயிறு, இடுப்பு சேர்த்து எடுத்தால் 8 முதல் 10 மில்லிசீவர்ட். இயற்கையில் ஓராண்டுக்கு நாம் பெறுவது உலக சராசரியாக 2.4. தேவைக்கு எடுப்பதில் தப்பில்லை, ஃபைப்ராய்டு பார்க்க எடுப்பது வீண்.

18. யூரின் டெஸ்ட் பாசிட்டிவ். ஸ்கேன்ல கர்ப்பப்பைக்குள்ள ஒண்ணும் தெரியலை. கலைஞ்சிடுச்சா?

மூன்று வாய்ப்பு: மிக ஆரம்பக் கர்ப்பம், கலைந்த கர்ப்பம், கருக்குழாயில் தங்கிய கர்ப்பம். ஒரே ஸ்கேனில் முடிவு சொல்லக் கூடாது. கர்ப்ப ஹார்மோனான பீட்டா எச்.சி.ஜி. ரத்தப் பரிசோதனையை 48 மணி நேர இடைவெளியில் இருமுறை எடுத்து ஏறுமுகம் பார்க்க வேண்டும். அளவு 3500-ஐத் தாண்டியும் உள் ஸ்கேனில் கர்ப்பப்பை காலி என்றால் குழாய்க் கர்ப்பம் என்ற சந்தேகம் வலுக்கும். அதோடு பி.ஓ.டி.யில் கலங்கலான திரவம், தோள்பட்டை வலி, தலைசுற்றல் என்றால் நேரே அவசர சிகிச்சைக்கு.

கர்ப்ப ஸ்கேன் என்பதால் 1994-ஆம் ஆண்டுப் பாலினத் தேர்வுத் தடைச் சட்டப்படி படிவம் எஃப் நிரப்பி, அடையாள அட்டை கேட்பார்கள். கர்ப்பமில்லாதவருக்கான ஸ்கேனுக்கு அந்தப் படிவம் தேவையில்லை.

19. காப்பர்-டி நூல் கையில தட்டலை. ஸ்கேன்லயும் காணோம்னு சொல்றாங்க. விழுந்துடுச்சுன்னு விட்டுடலாமா?

விட்டுவிடாதீர்கள். முதலில் கர்ப்பப் பரிசோதனை. பிறகு வயிறும் இடுப்பும் சேர்ந்த ஒரு எக்ஸ்ரே. கர்ப்பப்பைச் சுவரைத் துளைத்து வயிற்றுக்குள் போயிருந்தால் எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரியும். அதிலும் இல்லையென்றால்தான் விழுந்துவிட்டது என்று சொல்லலாம்.

20. திடீர்னு ஒரு பக்கம் சுருட்டிப் பிடிச்ச மாதிரி வலி, வாந்தி. டாப்ளர்ல ரத்த ஓட்டம் இருக்குன்னு அனுப்பிட்டாங்க. நிம்மதியா இருக்கலாமா?

இருக்க முடியாது. சினைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். சினைப்பைக்கு இரண்டு வழியில் ரத்தம் வருகிறது; ஒன்று அடைபட்டாலும் மற்றது ஓடும். முறுக்கு பாதியாக இருந்தாலும் ஓட்டம் தெரியும். அதனால் டாப்ளரில் ஓட்டம் இருப்பது முறுக்கை விலக்காது. அந்தப் பக்கச் சினைப்பை மறுபக்கத்தைவிடப் பெருத்து, முட்டைப்பைகள் ஓரத்துக்குத் தள்ளப்பட்டு, நடுப்பகுதி வீங்கியிருக்கிறதா, காம்பு சுழலாகச் சுற்றியிருக்கிறதா என்பதே பார்க்க வேண்டியது. 5 செ.மீ.க்கு மேற்பட்ட டெர்மாய்டோ நீர்க்கட்டியோ இருப்பவருக்கு இந்த ஆபத்து கூடுதல். வலி விட்டுவிட்டு வருவதும் உண்டு. முறுக்கு அவிழ்ந்து மறுபடி சுற்றும்.

இந்த நிலையில் 2-ஆம் கேள்வியில் சொன்னபடி தண்ணீர் குடித்துக்கொண்டு உட்காராதீர்கள். சில மணி நேரத்தில் அறுவை தேவைப்படலாம், மயக்க மருந்துக்கு வெறும் வயிறு வேண்டும். உள் ஸ்கேனுக்குக் காலிச் சிறுநீர்ப்பையே போதும். அது முடியாத பெண்ணுக்குக் குழாய் வழியாகச் சிறுநீர்ப்பையை நிரப்பி மேல் ஸ்கேன் எடுத்துக்கொள்வார்கள். பழைய கட்டி ரிப்போர்ட் இருந்தால் கையோடு கொண்டு போங்கள், எந்தப் பக்கம், எவ்வளவு பெரிது என்று டியூட்டி டாக்டருக்கு அது உடனே சொல்லிவிடும்.